“ரெண்டு தடவை அமுக்கணும் தம்பி”: சிவகாசி சர்வரைச் சென்னையிலிருந்து எழுப்பிய அனுபவம்

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்தே முக்காலுக்குச் சிவகாசியில் கரண்ட் வந்தது. மதியமே போயிருந்தது. யூபிஎஸ் நாற்பது நிமிஷம் தாங்கி, சர்வரை ஒழுங்காக அணைத்துவிட்டுத் தானும் அடங்கிவிட்டது. மாமாவின் பிரஸ் பூட்டிக் கிடந்தது, உள்ளே யாரும் இல்லை. நான் சென்னையில் வீட்டு அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டே லேப்டாப்பில் ‘பவர் ஆன்’ கொடுத்தேன். திரையில் பயாஸ் (கணினி விழித்ததும் முதலில் ஓடும் அடிப்படை நிரல்) வந்தது, லினக்ஸ் வந்தது, லாகின் கேட்டது. மொத்தம் நாலு நிமிஷம்.

இந்த நாலு நிமிஷத்துக்காக மூன்று மாதம், இரண்டு சிவகாசிப் பயணம், 7,650 ரூபாய் போயிற்று. எங்கெல்லாம் சறுக்கினேன் என்பது மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

மாமாவுடையது காலண்டர், டைரி அடிக்கும் ஆஃப்செட் பிரஸ். டேலி கணக்கு, டிசைன் ஃபைல்கள், பழைய ஆர்டர்கள் எல்லாம் ஒரே பெட்டியில். அந்தப் பெட்டியை 2021இல் ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டாக 18,500 ரூபாய்க்கு வாங்கினேன். சூப்பர்மைக்ரோ எக்ஸ்10எஸ்எல்எம்-எஃப் போர்டு, ஸீயான் இ3-1231 வி3 ப்ராசசர், 16 ஜிபி ஈசிசி ரேம். மானிட்டர், கீபோர்டு எதுவும் கிடையாது. பீரோவுக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்.

வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் நீண்ட நேரம் கரண்ட் போய் வந்தால் மட்டும் எழுந்திருக்காது. விளக்கு எரியும், விசிறி சுற்றும், நெட்வொர்க்கில் ஆள் இருக்காது. பிளேட் பிரிவில் இருக்கும் அண்ணன் ஒரு வைத்தியம் கண்டுபிடித்து வைத்திருந்தார். “ரெண்டு தடவை அமுக்கணும் தம்பி. மொத தடவை வராது. அழுத்திப் பிடிச்சு அணைச்சிட்டு, மறுபடி அமுக்கினா வந்துரும்.” உண்மையிலேயே வந்துவிடும். ஏன் வருகிறது என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டரை வருஷம் இப்படியே ஓடிற்று.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை ராத்திரி படுத்துக்கொண்டது. அண்ணன் ஊரில் இல்லை. ஆடிப்பெருக்கு அன்று காலண்டர் ஆல்பம் வெளியாக வேண்டும். கடைசி நேர மாதிரிகள் எல்லாம் அந்த டிஸ்க்கில். மாமா போனில் “மாப்ள, நீ ஒரு எட்டு வந்துட்டுப் போயிரு” என்றார். அன்று ராத்திரியே எழும்பூரில் பொதிகையில் ஏறினேன்.

பெட்டியின் பின்பக்கம், யூஎஸ்பி துளைகளுக்கு மேலே தனியாக ஒரு நெட்வொர்க் துளை உண்டு. வாங்கிய நாளிலிருந்து அதில் தூசிதான் செருகியிருந்தது. போர்டின் பெயர் முடிவில் இருக்கும் ‘எஃப்’ அதைத்தான் சொல்கிறது: உள்ளே பிஎம்சி இருக்கிறது. சர்வரைத் தொலைவிலிருந்து இயக்கவும் அணைக்கவும் கண்காணிக்கவும் போர்டிலேயே ஒட்டியிருக்கும் தனிக் குட்டிக் கணினி அது. இதில் இருப்பது ஆஸ்பீட் ஏஎஸ்டி2400 சிப். சர்வர் அணைந்திருந்தாலும் பவர் கார்டு செருகியிருந்தால் போதும், ஸ்டாண்ட்பை மின்சாரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். பிளக் மீட்டரில் பார்த்தபோது பெட்டி அணைந்த நிலையில் 5 வாட் காட்டியது. டெல் சர்வரில் இதற்கு ஐட்ராக் என்று பெயர், ஹெச்பியில் ஐலோ. ஆபீஸில் ஐட்ராக்கைத் தினமும் பார்க்கிறவன் நான். மாமாவின் பெட்டியிலும் அதன் சகோதரன் இருக்கிறான் என்பது மண்டையில் உறைக்க ஒரு ரயில் பயணம் தேவைப்பட்டிருக்கிறது.

திட்டம் எளிமையானதுதான். வீட்டில் சும்மா கிடந்த ராஸ்பெரி பை 3 என்ற கையடக்கக் கணினியை (இனி ‘பை’) எடுத்துப் போயிருந்தேன். அதன் நெட்வொர்க் துளையிலிருந்து ஒரே கேபிள் நேராகப் பிஎம்சிக்கு. நடுவில் சுவிட்ச் கிடையாது. பை, பிரஸ் வைஃபை வழியாக இணையத்துக்குப் போகும். அங்கிருந்து வயர்கார்டு என்ற விபிஎன் சுரங்கம், அதாவது மறையாக்கிய தனிப்பாதை, இணையத்தில் இருக்கும் ஒரு வாடகை சர்வருக்கு. மாதம் 420 ரூபாய். என் லேப்டாப்பும் அதே சுரங்கத்தின் மறுமுனைக்கு வரும். ஃபைபர் இணைப்புக்குச் சொந்தமாகப் பொது முகவரி இல்லாததால் வெளியிலிருந்து உள்ளே வர முடியாது, பைதான் வெளியே கூப்பிட வேண்டும். 25 விநாடிக்கு ஒருமுறை உயிரோடு இருப்பதைச் சொல்லும்படி வைத்தேன்.

பிஎம்சியை நேராக இணையத்தில் திறந்து வைக்கும் எண்ணம் முதலில் ஒரு நொடி வந்தது உண்மை. பிஎம்சி கேட்கும் யூடிபி 623 போர்ட்டை ரௌட்டரில் திறந்தால் வேலை முடிந்தது என்று தோன்றும். செய்யாதீர்கள். 2013இல் பாதுகாப்பு ஆய்வாளர் டான் ஃபார்மர் எழுதியதைப் படித்தவர்களுக்குத் தெரியும்: பிஎம்சியோடு பேசும் ஐபிஎம்ஐ 2.0 முறையில், சரியான பயனர் பெயரைச் சொல்லிக் கேட்கிற எவருக்கும், உள்ளே விடுவதற்கு முன்பே பாஸ்வேர்டிலிருந்து கணக்கிட்ட ஹாஷ் என்ற குறியீட்டைக் கையில் கொடுத்துவிடும். விதிமுறையிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது என்பதால் ஒட்டுப் போட்டுச் சரிசெய்யவும் முடியாது. வீட்டில் உட்கார்ந்து ஹாஷை நிதானமாக உடைத்துப் பாஸ்வேர்டை எடுத்துக்கொள்ளலாம்.

பயாஸில் ஐபிஎம்ஐ பகுதிக்குப் போய் 192.168.50.20 என்று நிலையான முகவரி கொடுத்தேன். சேமித்தேன். பையிலிருந்து பிங் அடித்து, பதில் வருகிறதா என்று பார்த்தேன். பதில் இல்லை. கேபிளை மாற்றினேன், இல்லை. சர்வரை மூன்று முறை ரீஸ்டார்ட் செய்தேன், இல்லை. பையைத் திட்டினேன். கடைசியில் சலித்துப்போய் சர்வரின் பவர் கார்டைப் பிடுங்கி, பத்து விநாடி கழித்துச் செருகினேன். ஒரு நிமிஷம் கழித்துப் பதில் வந்தது. ‘சரி, ஏதோ தொங்கியிருந்தது’ என்று விட்டுவிட்டேன். இந்த வேலை முழுவதிலும் நான் செய்த பெரிய தப்பு இதுதான். அது அப்புறம்.

பயனர் பெயர், பாஸ்வேர்டு இரண்டுமே ‘அட்மின்’, பெரிய எழுத்தில். அந்தக் காலப் போர்டுகள் எல்லாம் இப்படித்தான் வரும். டெல்லில் ‘ரூட்’, ‘கால்வின்’. பாஸ்வேர்டு மேனேஜர் கொடுத்த 24 எழுத்துப் பாஸ்வேர்டைப் போட்டபோது பிஎம்சிக்குக் கட்டளை கொடுக்கும் ஐபிஎம்ஐடூல் நிரல் ‘ரொம்ப நீளம்’ என்று மறுத்தது. ஐபிஎம்ஐ 2.0இல் உச்சவரம்பு 20 எழுத்து. இருபதாகக் குறைத்தேன். இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், நிறையப் பேர் இங்கே அரைமணி நேரத்தைத் தொலைப்பார்கள்.

திரையைத் தொலைவிலிருந்து பார்க்கும் வசதியை அன்று முடிக்க முடியவில்லை. பிஎம்சியின் உள்மென்பொருளான ஃபர்ம்வேர் பழசு. கன்சோலை, அதாவது அந்தத் தொலைத்திரையைத் திறந்தால் ஜாவா வெப் ஸ்டார்ட் ஃபைலை இறக்கித் தருகிறது. வெப் ஸ்டார்ட்டை ஜாவா 11லேயே தூக்கிவிட்டார்கள். பழைய ஜாவா 8ஐத் தேடிப் போட்டேன். கையொப்பம் செல்லாது என்றது. விதிவிலக்குப் பட்டியலில் சேர்த்தேன். அப்புறம் மறையாக்க முறையான டிஎல்எஸ்ஸின் பதிப்பு பழசு என்றது. ஒன்றரை மணி நேரம் போன பிறகு, பவர் பட்டன் வேலை செய்தால் போதாதா என்று எழுந்துவிட்டேன். வலைப்பக்கத்தில் ஆன், ஆஃப், ரீசெட் மூன்றும் வேலை செய்தன. அது போதும் என்று நினைத்ததற்கும் பின்னால் விலை கொடுத்தேன்.

கிளம்புவதற்கு முன் மாமா இன்னொன்று சொன்னார்: பெட்டி சத்தம் அதிகம், போன் பேச முடியவில்லை. ஒரு 120 மிமீ அமைதி விசிறி 1,250 ரூபாய்க்கு வாங்கிப் பின்னால் மாட்டினேன். பகலில் சத்தமே இல்லை. மாமா முகம் மலர்ந்தது.

சென்னைக்கு வந்த மறுநாள் காலை போன். “மாப்ள, பெட்டி மூச்சு வாங்குதுடா. ஊ...ன்னு ஏறுது, இறங்குது, மறுபடி ஏறுது.”

இது எனக்குத் தெரிந்த நோய். சென்சார் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். புது விசிறி நிதானமாக நிமிஷத்துக்கு 400 சுற்றில் ஓடுகிறது. பிஎம்சியோ 500க்குக் கீழே போனால் விசிறி செத்துவிட்டது என்று முடிவு கட்டி, எல்லா விசிறிகளையும் முழு வேகத்தில் விரட்டுகிறது. வேகம் ஏறியதும் விசிறி பிழைத்துவிட்டது என்று விடுகிறது. மறுபடி 400. இப்படியே ராத்திரி முழுவதும். அங்கே இருந்த கீழ் எல்லைகள் 300, 500, 700. ஐபிஎம்ஐடூலில் ‘சென்சார் த்ரெஷ்’ கட்டளையில் அந்த விசிறிக்கு 100, 200, 300 என்று மாற்றினேன். நூறு நூறாகத்தான் ஏற்கும், 250 என்றெல்லாம் கொடுத்துப் பயனில்லை. அடுத்த நிமிஷமே அமைதி. உட்கார்ந்த இடத்திலிருந்து சிவகாசியில் ஒரு விசிறியை அடக்கிவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

பெருமை மூன்று வாரம் நின்றது.

ஆகஸ்டில் ஒரு சாயங்காலம் கரண்ட் போய், ராத்திரி வந்தது. என் பக்கம் பார்த்தால் பையே இல்லை, சுரங்கம் செத்துக் கிடக்கிறது. காலை ஒன்பது மணிக்குப் பை உயிரோடு வந்தது. பிஎம்சி மட்டும் இல்லை. பிங் இல்லை, வலைப்பக்கம் இல்லை. ஐபிஎம்ஐடூல் ‘செஷன் அமைக்க முடியவில்லை’ என்று திரும்பத் திரும்பச் சொன்னது. அண்ணன் வழக்கம்போல இரண்டு தடவை அமுக்கினார், சர்வர் வந்தது. பிஎம்சி வரவில்லை. போர்டு போய்விட்டதோ என்று பயந்து செப்டம்பரில் மறுபடி பொதிகை.

இந்த முறை உருப்படியாக ஒரு காரியம் செய்தேன். லேப்டாப்புக்கு 192.168.50.30 என்று கொடுத்து, பிரஸின் பொது நெட்வொர்க்கில் செருகி, 192.168.50.20க்குப் பிங் அடித்துப் பார்த்தேன். பதில் வந்தது! பிஎம்சி சாகவில்லை, வேறு வாசலில் போய் நின்றுகொண்டிருந்தது.

நடந்தது இதுதான். பிஎம்சியின் நெட்வொர்க் துளைக்கு மூன்று நிலைகள்: தனித்துளை, சர்வரின் முதல் துளையைப் பங்குபோடுவது, ஃபெயில்ஓவர். வாங்கியபடியே இருந்தால் ஃபெயில்ஓவர். அதாவது பிஎம்சி கண் விழிக்கும் நேரத்தில் தனித்துளையில் இணைப்பு இருந்தால் அங்கே உட்காரும், இல்லையென்றால் முதல் துளைக்குப் போய்விடும். போனால் திரும்பி வராது. அது கண் விழிப்பது பவர் கார்டு உயிர்பெறும்போதுதான், நாம் பட்டனை அமுக்கும்போது அல்ல. சர்வரை நூறு முறை ரீஸ்டார்ட் செய்தாலும் பிஎம்சி அசையாது.

ஜூலையில் கேபிளைச் செருகியது பிஎம்சி விழித்த பிறகு. அதனால் அது முதல் துளையில் இருந்தது. கார்டைப் பிடுங்கிச் செருகியபோது தனித்துளைக்கு வந்தது. ஏன் சரியானது என்று அன்றே ஐந்து நிமிஷம் யோசித்திருந்தால் போதும். ஆகஸ்டில் என்ன? பையின் அடாப்டரை டேபிள் ஃபேன் பக்கத்துச் சுவிட்ச் போர்டில் செருகியிருந்தேன். வீட்டுக்குப் போகும்போது எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போவது அங்கே பல வருஷப் பழக்கம், நல்ல பழக்கமும்கூட. ராத்திரி கரண்ட் வந்தபோது யூபிஎஸ் வழியாகப் பிஎம்சி விழித்திருக்கிறது. கேபிளின் மறுமுனையில் பை தூங்கிக்கொண்டிருக்கிறது. இணைப்பு இல்லை என்று பிரஸ் நெட்வொர்க்குக்கு நடந்துவிட்டது. பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டிருந்தால், பிரஸ் வைஃபையில் இருக்கும் எந்தப் போனிலிருந்தும் சர்வரை அணைத்திருக்கலாம்.

வலைப்பக்கத்தில் நெட்வொர்க் அமைப்புக்குப் போய் ‘டெடிகேட்டட்’ என்று மாற்றினேன். ஒரே ஒரு சொடுக்கு. பையை யூபிஎஸ்ஸுக்கு மாற்றினேன். வைஃபையை நம்பாமல் 750 ரூபாய்க்கு ஒரு யூஎஸ்பி லேன் அடாப்டர் வாங்கி, ரௌட்டருக்கும் கேபிளே இழுத்தேன்.

இதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது: இந்தப் பயணமே வேண்டியிருக்கவில்லை. சர்வரின் லினக்ஸுக்குள் நுழைய எனக்கு வேறு வழி இருந்தது. அங்கிருந்து ஐபிஎம்ஐடூலில் ‘எம்சி ரீசெட் கோல்டு’ என்று ஒரு வரி கொடுத்திருந்தால் பிஎம்சி மட்டும் புதிதாக விழித்து, பை உயிரோடு இருப்பதைப் பார்த்துத் தன் வாசலுக்கே திரும்பியிருக்கும். பயந்தவனுக்குக் கட்டளை ஞாபகம் வராது.

வந்தது வந்தாயிற்று என்று ஃபர்ம்வேரைப் புதுப்பித்தேன். பக்கத்தில் நின்று செய்ய வேண்டிய வேலை இது. நடுவில் கரண்ட் போனால் பிஎம்சி செங்கல்தான். யூபிஎஸ் நிரம்பியிருப்பதைப் பார்த்துக்கொண்டு, பத்து நிமிஷம் எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். பழைய அமைப்புகளை வைத்துக்கொள்ளவா என்று கேட்டபோது, சுத்தமாகத் தொடங்கலாம் என்று வேண்டாமென்றேன். விளைவு: முகவரி போயிற்று, பாஸ்வேர்டு பழையபடி ‘அட்மின்’, விசிறி எல்லைகளும் போய்ப் பெட்டி மறுபடி மூச்சு வாங்க ஆரம்பித்தது. மாமா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் போனார். ‘டெடிகேட்டட்’டை மறுபடி வைக்க வேண்டும் என்பது நல்லவேளை ஞாபகம் இருந்தது. ஆனால் புது ஃபர்ம்வேரில் கன்சோல் நேராக உலாவியிலேயே திறந்தது. ஜாவாவுக்கு ஒரு கும்பிடு.

அப்புறம் ஜூலையிலேயே செய்திருக்க வேண்டிய சோதனை. மாமாவிடம் கேட்டு, ராத்திரி ஒன்பது மணிக்கு மெயினையே அணைத்தோம். யூபிஎஸ்ஸையும் அணைத்தேன். காலை ஆறு மணிக்கு அண்ணன் மெயினைப் போட்டார். நான் எதிர் டீக்கடையில் உட்கார்ந்து, போனின் இணையத்தில் லேப்டாப்பைத் திறந்தேன். பை வந்தது, பிஎம்சி வந்தது. பவர் ஆன் கொடுத்துக் கன்சோலைத் திறந்து பார்த்தால், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து: பயாஸ் அமைப்புகள் அழிந்துவிட்டன, தொடர எஃப்1ஐ அழுத்தவும்.

இரண்டரை வருஷமாக அந்தப் பெட்டி இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. மானிட்டர் இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை. அண்ணன் முதல் தடவை அமுக்கும்போது இந்தக் கேள்வியில் நிற்கும். இரண்டாவது தடவைக்குள் இயல்பு அமைப்புகள் பதிந்துவிடுவதால் கேள்வி இல்லாமல் போய்விடும். சென்சார் பட்டியலில் விபேட் என்று பேட்டரிக்கான ஒரு வரி: 2.4 வோல்ட். பெட்டியைத் திறந்து மல்டிமீட்டரை வைத்தேன், 2.41. கரண்ட் இல்லாதபோது பயாஸ் அமைப்புகளைக் காப்பாற்றும் சிஆர்2032 பொத்தான் பேட்டரி. புதிதாக இருந்தால் மூன்றுக்கு மேல் காட்டும். பத்து விநாடி கார்டைப் பிடுங்கியபோது அந்த நோஞ்சான் தாக்குப்பிடித்திருக்கிறது, ஒரு ராத்திரி முழுக்கத் தாங்கவில்லை. கடைத்தெரு வாட்ச் ரிப்பேர் கடையில் 40 ரூபாய்க்குப் புதுசு கிடைத்தது. மாட்டியதும் 3.2. அன்று ராத்திரி மறுபடி மெயினை அணைத்துச் சோதித்தோம். கேள்வியே இல்லாமல் நேராக எழுந்தது.

கரண்ட் வந்ததும் தானாக எழும்பட்டும் என்று பயாஸில் வைக்கலாம். நான் வேண்டுமென்றே அணைந்தே இருக்கும்படி வைத்திருக்கிறேன். அங்கே கரண்ட் ஒருமுறை வந்து நிற்பதில்லை. வரும், போகும், வரும். யூபிஎஸ் கொஞ்சம் நிரம்பிய பிறகு நானே எழுப்பிக்கொள்கிறேன். இதற்கு எதிர்க்கருத்து இருக்கலாம், என் டிஸ்க்குகள் என் பக்கம்.

மெதுவான போன் இணையத்தில் கன்சோல் படம் இழுவையாக இருக்கும். அதற்காகச் சீரியல் ஓவர் லேன் என்ற எழுத்துவழிக் கன்சோலும் வைத்தேன். லினக்ஸில் இரண்டாவது சீரியல் போர்ட், வேகம் 115200. வெறும் எழுத்து மட்டும் வருவதால் ரயிலில் இருந்தாலும் ஓடுகிறது.

செலவு: ரயில் இரண்டு முறை போய்வர 3,600, வாடகை சர்வர் மூன்று மாதத்துக்கு 1,260, விசிறி 1,250, லேன் அடாப்டர் 750, பைக்கு மெமரி கார்டு 450, கேபிள்கள் 300, பேட்டரி 40. நோய் இருந்தது கடைசி நாற்பது ரூபாயில்.

இன்னொரு முறை செய்தால் முதலில் பேட்டரியை அளப்பேன். முதல் நாளே மெயினை அணைத்துப் பார்த்துவிட்டுத்தான் ரயில் ஏறுவேன். கன்சோல் வராமல் வேலை முடிந்ததாக எண்ண மாட்டேன். இப்போதைக்கு இருக்கும் ஓட்டை பைதான். அது தொங்கினால் அணைந்த சர்வரை எழுப்ப எனக்கு வேறு வாசல் இல்லை. தொங்கினால் தானாக ரீஸ்டார்ட் செய்யும் அதன் வாட்ச்டாக்கை இயக்கி வைத்திருக்கிறேன், மெமரி கார்டை வாசிக்க மட்டும் என்று பூட்ட வேண்டியது பாக்கி.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் பிஎம்சியின் நிகழ்வுப் பதிவைச் சும்மா புரட்டினேன். மதியம் 2:13க்கு ஒரு வரி: பெட்டி திறக்கப்பட்டது. சர்வர் அப்போது அணைந்திருந்தது. அண்ணனுக்குப் போன் போட்டேன்.

“அண்ணே, மத்தியானம் பெட்டியைத் திறந்தீங்களா?”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. “கம்ப்ரஸர்ல தூசி அடிச்சோம் தம்பி. பொட்டு வைக்கணும்ல. உனக்கு யாரு சொன்னா?”